தூண்டில்காரன் கட்டும் வரி

போன ஆண்டு ஜூலை மாதம் ஒரு காலை நேரம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மேடிசன் என்னும் ஆற்றில், முட்டியளவுத் தண்ணீரில் தூண்டிலோடு நின்றுகொண்டிருந்தேன். கோடைக்காலம்தான். ஆனாலும் தண்ணீர் காலை வெட்டியது. பக்கத்தில் என் அக்காள் மகன். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறான். "ரிட்டயர் ஆயிட்டீங்களே மாமா, இனிமே என்ன சாக்கு?" என்று கேட்டுக் கேட்டே என்னை வரவழைத்துவிட்டான்.

ஆற்றின் இரண்டு பக்கமும் கம்பி வேலி. வேலிக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மாட்டுப்பண்ணை. தனியார் நிலம். நாங்கள் தூண்டில் வீசிக்கொண்டிருந்தபோது புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு பிக்கப் வண்டி கரையோரம் வந்து நின்றது. தொப்பி போட்ட பெரியவர் ஒருவர், வண்டியை விட்டு இறங்காமலே எங்களைப் பார்த்தார்.

என் கை தானாகவே நரம்பைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது ஊறிப்போன பழக்கம். துரை பங்களாவுக்குக் கீழே ஓடிய ஆற்றில் கால் வைத்தாலே ஜாகா கம்பைத் தூக்கிக்கொண்டு வருவார். 'டிலாராங் மாசோக்' என்ற பலகையைப் படிக்கத் தெரிவதற்கு முன்பே, அதைக் கண்டால் ஓடத் தெரிந்தவர்கள் நாங்கள்.

"ஏன் மாமா சுருட்டுறீங்க?"

"வண்டிக்காரரு பாக்குறாருப்பா."

"பாக்கட்டும். வெள்ளம் ஏறி இறங்குற கோட்டுக்குள்ள நிக்கிற வரைக்கும் யாரும் நம்மள ஒன்னும் சொல்ல முடியாது. அதத் தாண்டிப் புல்லுல கால் வச்சாத்தான் தப்பு."

பெரியவர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். வணக்கம் சொல்கிறாராம். வண்டி போய்விட்டது. நான் மட்டும் கொஞ்ச நேரம் அந்தப் புழுதியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நிலம் அவருடையது. ஆறு அவர் நிலத்தின் நடுவே ஓடுகிறது. ஆனால், எங்கோ பேராக்கிலிருந்து வந்த ஒரு தோட்டத்துப் பையன் அதில் நின்று மீன் பிடிக்கலாம். இது எப்படி வந்தது, இதற்கு யார் காசு கொடுத்தார்கள் என்று அன்றிலிருந்து தேடிப் படித்ததைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

முதலில் ஒரு பழைய கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பதின்மூன்று வயது. பள்ளி விடுமுறை. தோட்டத்துப் பையன்கள் ஆறு பேர் சேர்ந்து, தூபா வேரைத் தோண்டிக் கல்லில் வைத்து நசுக்கி, லயத்துக்குப் பின்னால் ஓடிய ஓடையில் கரைத்துவிட்டோம். பால் போல் வெளுத்த தண்ணீர் கீழே இறங்க இறங்க, மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. கெளுத்தி, அருவான், பெயர் தெரியாத சின்னச் சின்ன மீன்கள். மண்ணெண்ணெய் டின் இரண்டு நிறைய அள்ளினோம். அள்ளாமல் விட்டது அதைவிட அதிகம். அன்று லயத்தில் எல்லா வீட்டிலும் மீன் குழம்பு. என் அப்பா மட்டும் சாப்பிடவில்லை. "நாளைக்கு எங்கடா போய்ப் பிடிப்ப?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஓடையில் நான் பள்ளி முடிக்கும் வரை மீன் திரும்பவில்லை. மீன் தின்ற கடனை அந்த ஓடைக்கு நான் இன்றுவரை கட்டவில்லை.

இப்போது மொன்டானாவுக்கு வருவோம். ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள் மாலை, தூண்டில் கடையில் என்னை உரிமம் எடுக்க வைத்தான் மருமகன். மீன் பிடிக்க ஓர் உரிமம். அதற்கு முன்னால் 'இயற்கைப் பாதுகாப்பு உரிமம்' என்று ஒன்று. வெளியூர்ப் பாசியும் சிப்பியும் ஆற்றில் பரவாமல் தடுக்க இன்னொரு கட்டணம். வெளிநாட்டுக்காரனுக்கு விலையும் கூடுதல். "இந்தக் காசுக்குப் பாசார்ல பெரிய கெலாவே வாங்கலாமேப்பா" என்று முனகினேன்.

"காசு எங்க போகுதுன்னு தெரிஞ்சா முனக மாட்டீங்க" என்றான்.

காசு போகும் வழி இதுதான். அமெரிக்காவில் வேட்டைக்காரரும் தூண்டில்காரரும் மூன்று வழியாகக் காசு கட்டுகிறார்கள்.

முதல் வழி, உரிமக் கட்டணம். அந்தந்த மாநிலத்தின் வனவிலங்கு, மீன்வளத் துறைக்கு அது போகிறது.

இரண்டாவது வழி, பொருளின் விலைக்குள் ஒளிந்திருக்கும் வரி. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 10 அல்லது 11 விழுக்காடு. தூண்டில், சுருள், செயற்கை இரை போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 10 விழுக்காடு. உற்பத்தி செய்பவரோ இறக்குமதி செய்பவரோ அரசுக்குக் கட்டிவிடுவார். அது விலையில் ஏறிவிடும். துப்பாக்கி வரி 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வனவிலங்குக்கு ஒதுக்கப்பட்டது. செனட்டர் பிட்மன், மக்களவை உறுப்பினர் ராபர்ட்சன் ஆகிய இருவரின் பெயரால் அந்தச் சட்டத்தை அழைக்கிறார்கள். தூண்டில் வரி 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக மீன்வளத்துக்கு ஒதுக்கப்பட்டது. 1984இல் மோட்டார் படகு எரிபொருள் வரியின் ஒரு பகுதியையும் அதோடு சேர்த்தார்கள். அண்மை ஆண்டுகளில் இந்த இரண்டு நிதியிலிருந்தும் ஆண்டுக்கு 1 பில்லியன் டாலருக்கு மேல் மாநிலங்களுக்குப் போகிறது. ஒரு மாநிலம் தன் பங்காக 1 டாலர் வைத்தால், இந்த நிதியிலிருந்து 3 டாலர் வரும்.

மூன்றாவது வழி, வாத்து முத்திரை. அதைப் பிறகு சொல்கிறேன். அது தனிக் கதை.

1937ஆம் ஆண்டுச் சட்டத்தில் என்னை மிகவும் கவர்ந்தது தொகை அல்ல. அதிலுள்ள ஒரு நிபந்தனை. வேட்டை உரிமத்தில் வரும் காசை வனவிலங்குத் துறையைத் தவிர வேறு எதற்கும் செலவு செய்ய மாட்டோம் என்று மாநிலம் சட்டம் போட்டால்தான் மத்திய அரசின் பங்கு கிடைக்கும். சாலை போடவோ அலுவலகம் கட்டவோ அந்த உண்டியலில் கை வைத்தால், மேலிருந்து வரும் பணம் நின்றுவிடும். உண்டியலுக்குப் பூட்டுப் போட்டதோடு, சாவியை ஆசைப்பட முடியாத இடத்தில் வைத்துவிட்டார்கள். கோயில் கமிட்டியில் இருந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இவர்கள் நல்லவர்களாகப் பிறந்து இப்படிச் செய்துவிடவில்லை. அழித்த பிறகுதான் புத்தி வந்தது.

19ஆம் நூற்றாண்டில் அந்த நாட்டில் வேட்டை ஒரு வியாபாரம். வானத்தை மறைத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் பறந்த பயணப் புறாவைச் சுட்டுப் பீப்பாயில் அடைத்து நகரத்துக்கு ரயிலில் அனுப்பினார்கள். அந்த இனத்தின் கடைசிப் பறவை 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி சின்சினாட்டி விலங்குத் தோட்டத்தில் செத்தது. மார்த்தா என்று அதற்குப் பெயர். பல மில்லியன் கணக்கில் மேய்ந்த காட்டெருமை சில நூறாகக் குறைந்தது. வெள்ளை வால் மான்கள் 1900 வாக்கில் நாடு முழுவதிலும் ஏறக்குறைய 5 லட்சம்தான் மிஞ்சியிருந்தன.

சுடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது என்று முதலில் பயந்தவர்கள் வேட்டைக்காரர்களே. 1887இல் தியோடர் ரூஸ்வெல்ட்டும் சில நண்பர்களும் பூன் அண்ட் குரோக்கெட் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். எல்லாரும் வேட்டைக்காரர்கள். பிற்காலத்தில் அதே ரூஸ்வெல்ட் அதிபராகி, ஏறக்குறைய 230 மில்லியன் ஏக்கர் நிலத்தைப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தார். திருட்டுத்தனமாக வேட்டையாடியதை மாநில எல்லை தாண்டி விற்கக்கூடாது என்ற சட்டம் 1900இல் வந்தது. வேட்டை வியாபாரம் மெல்ல மெல்ல ஓய்ந்தது.

ஆனால் தடை போட்டால் மட்டும் விலங்கு பெருகிவிடாது. அதற்கு இருக்க இடம் வேண்டும். இடத்துக்குப் பணம் வேண்டும். இங்கேதான் வாத்து முத்திரை வருகிறது.

1930களில் அமெரிக்காவின் நடுப்பகுதியில் கடும் வறட்சி. அதற்கு முன்பே சதுப்பு நிலங்களை எல்லாம் வடித்து உழுது கோதுமை போட்டிருந்தார்கள். வாத்துகளுக்கு முட்டையிட இடமில்லை. அப்போது ஜே டார்லிங் என்று ஒரு பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரர் இருந்தார். 'டிங்' என்று கையெழுத்துப் போடுவார். புலிட்சர் பரிசு பெற்றவர். வாத்து வேட்டைக்காரர். அரசாங்கத்தைப் படம் போட்டுக் கிழிப்பதே அவர் தொழில். அவரையே கூப்பிட்டு வனவிலங்குத் துறைக்குத் தலைவராக்கினார் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். குறை சொல்கிறாயே, நீயே வந்து செய் என்பது போல.

வாத்து வேட்டைக்குப் போகிற ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முத்திரை வாங்க வேண்டும் என்று 1934இல் சட்டம் வந்தது. விலை 1 டாலர். முதல் முத்திரைக்குப் படத்தையும் டார்லிங்கே வரைந்தார். தண்ணீரில் இறங்கும் இரண்டு வாத்துகள். அந்த ஆண்டு 635,000க்கும் மேற்பட்ட முத்திரைகள் விற்றன. அது பொருளாதார மந்தக் காலம். வேலையில்லாமல் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம். அப்போதும் வாங்கியிருக்கிறார்கள்.

இப்போது அதன் விலை 25 டாலர். ஒவ்வொரு டாலரிலும் 98 காசு சதுப்பு நிலத்தை விலைக்கு வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ போகிறது. இதுவரை 6 மில்லியன் ஏக்கருக்கு அப்படிப் பாதுகாப்புக் கிடைத்திருக்கிறது. வேட்டையாடாதவர்களும் அதை வாங்கலாம். தேசிய வனவிலங்குக் காப்பகங்களுக்குள் நுழைய அதுவே சீட்டு. நானும் ஒன்று வாங்கினேன். துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனால், தூபா போட்ட கணக்கில் ஏதோ கொஞ்சம் கழியட்டும் என்று தோன்றியது.

வெள்ளை வால் மான் இன்று ஏறக்குறைய 30 மில்லியன் இருக்கும் என்கிறார்கள். நம் வாசகர்களில் அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்களைக் கேளுங்கள். வீட்டுத் தோட்டத்தில் ரோஜாச் செடியை மான் மேய்ந்துவிட்டது என்று புலம்புவார்கள்.

இனி அந்தப் பிக்கப் பெரியவர் கதைக்கு வருகிறேன். விலங்கைக் காப்பாற்றினால் போதாது. அது இருக்கும் இடத்துக்குச் சாதாரண மனிதன் போகவும் முடிய வேண்டும். பணக்காரன் வேலி போட்டு உள்ளே வைத்துக்கொண்டால், அது அவனுடைய விலங்காகிவிடும்.

மொன்டானாவில் ஆற்றை ஒட்டிய நிலத்துக்காரர்கள் படகில் வந்தவர்களையும் தூண்டில்காரர்களையும் தடுத்தார்கள். தூண்டில்காரர்கள் ஒன்று சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 1984இல் மாநில உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்குகளில் தீர்ப்புச் சொன்னது. தண்ணீர் மக்களுடையது என்று மாநில அரசியல் சட்டமே சொல்கிறது. ஆகவே ஆற்றுப் படுகை யாருக்குச் சொந்தமானாலும், தண்ணீரைப் பயன்படுத்தும் உரிமை எல்லாருக்கும் உண்டு. அடுத்த ஆண்டே அது சட்டமானது. பாலத்திலிருந்தோ பொது நிலத்திலிருந்தோ இறங்கிவிட்டால், வெள்ளக் கோட்டுக்குள் எத்தனை மைல் வேண்டுமானாலும் நடக்கலாம். கரை ஏறி அடுத்தவன் புல்லை மிதிக்கக் கூடாது. என் மருமகன் சொன்னது அதைத்தான்.

இறங்குவதற்கென்றே மாநிலம் முழுவதும் 300க்கும் மேற்பட்ட இடங்களை அரசு வைத்திருக்கிறது. வண்டி நிறுத்த இடம், படகு இறக்கச் சரிவு, ஒரு கழிப்பறை. அவ்வளவுதான். தூண்டில் வரியிலும் உரிமத்திலும் வரும் காசு இதற்கும் போகிறது. பணக்காரனுக்கு இது தேவையில்லை, அவனுக்குச் சொந்தக் கரை இருக்கிறது. நம்மைப் போன்றவனுக்குத்தான் இது வேண்டும்.

வேட்டைக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. பண்ணைக்காரர் தன் நிலத்தைப் பொது வேட்டைக்குத் திறந்துவிட்டால், உரிமப் பணத்திலிருந்து அவருக்கு ஒரு தொகை. ஏறக்குறைய 7 மில்லியன் ஏக்கர் இப்படித் திறந்திருக்கிறது. சில பண்ணைகளின் வாசலில் தபால் பெட்டி மாதிரி ஒரு பெட்டி இருக்கும். பெயரை எழுதிப் போட்டுவிட்டு உள்ளே போகலாம். சண்டையும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

ஆனால் எல்லாம் சுமுகமாக முடிவதில்லை. பக்கத்து மாநிலமான வயோமிங்கில் நிலத்தைச் சதுரங்கப் பலகை மாதிரி பிரித்து வைத்திருக்கிறார்கள். கறுப்புக் கட்டம் பொது நிலம், வெள்ளைக் கட்டம் தனியார் நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கறுப்புக் கட்டத்திலிருந்து அடுத்த கறுப்புக் கட்டத்துக்குப் போக, நான்கு கட்டங்களும் சந்திக்கும் முனையைத் தாண்டித்தான் போக வேண்டும். மிசூரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள் 2021இல் அந்த முனையின் மேல் ஓர் ஏணியைச் சாய்த்து, ஏறி அந்தப் பக்கம் இறங்கினார்கள். தனியார் மண்ணில் கால் படவே இல்லை. ஆனால், அந்தக் காற்றும் என்னுடையது என்றார் நிலத்துக்காரர். 7 மில்லியன் டாலருக்கு மேல் நஷ்டம் என்று கணக்குச் சொன்னார். அத்துமீறல் குற்றச்சாட்டிலிருந்து நால்வரும் 2022இல் விடுவிக்கப்பட்டார்கள். சிவில் வழக்கு தொடர்ந்தது. நாடெங்கும் உள்ள வேட்டைக்காரர்கள் ஐந்தும் பத்துமாகப் போட்டு வழக்குச் செலவுக்குக் கை கொடுத்தார்கள். 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏணிக்காரர்கள் பக்கமே நின்றது.

இதையெல்லாம் நான் அங்கிருந்தே அக்காவிடம் போனில் உற்சாகமாகச் சொன்னேன். அக்கா சைவம். முட்டையும் தொடாது. பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டது.

"பாவத்தப் பண்ணிட்டு வரி கட்டினா சரியாப் போயிடுமாடா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இப்போதும் முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால், அக்காவின் கேள்வியில் நியாயம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. இந்த வேட்டைக்காரர்களின் கணக்குப் புத்தகம் சுத்தமானது அல்ல. மானும் வாத்தும் வேண்டும் என்பதற்காக ஓநாயை விஷம் வைத்துக் கொன்றார்கள். ஈயக் குண்டுகள் சதுப்பில் விழுந்து, அதை விழுங்கிய வாத்துகள் நஞ்சேறிச் செத்தன. நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டு தடையானது 1991இல்தான். துப்பாக்கி வரியில் பெரும் பகுதியை இன்று வேட்டைக்கே போகாதவர்கள் கட்டுகிறார்கள் என்பதும் உண்மை. பணம் வேட்டைக்காரனிடமிருந்து வருவதால், வேட்டையாடாத தவளைக்கும் பட்டாம்பூச்சிக்கும் பங்கு குறைகிறது என்ற குறையும் உண்டு.

தூண்டில்காரர்களும் சளைத்தவர்கள் அல்ல. நான் நின்ற அதே மேடிசன் ஆற்றில் ஐரோப்பாவிலிருந்தும் பசிபிக் கரையிலிருந்தும் ட்ரௌட் மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். சொந்த மண்ணின் மீன் ஒதுங்கிப் போனது. பிறகு பண்ணையில் வளர்த்த மீனை ஆண்டுதோறும் லாரியில் கொண்டுவந்து கொட்டினார்கள். தூண்டில்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால், கொட்டுவதை நிறுத்திவிட்டால் ஆற்றிலேயே பிறக்கும் மீன் பெருகுகிறது என்று மாநிலத்தின் மீன்துறை ஆய்வாளர் ஒருவர் இதே ஆற்றில் கணக்கெடுத்துக் காட்டினார். தூண்டில்காரர்களும் கடைக்காரர்களும் சண்டைக்கு வந்தார்கள். ஆனாலும் 1974இல் மொன்டானா, இயல்பாக ட்ரௌட் பெருகும் ஆறுகளில் மீன் கொட்டுவதை நிறுத்தியது. நாங்கள் ஓடையில் தூபா கரைத்த அதே காலம். இன்று அந்த ஆற்றுக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆள் வருகிறது. எதிர்த்தவர்களின் உரிமக் காசுதான் அந்த ஆய்வாளர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. காசு கொடுத்தவன் சொன்னதைக் கேட்காமல், கணக்கு சொன்னதைக் கேட்டார்கள்.

அக்காவுக்கு நான் பிறகு சொன்னது இதுதான். பாவ புண்ணியம் எனக்குத் தெரியாது. ஆனால் காட்டைத் துப்பாக்கி மட்டும் அழிக்கவில்லை. அதைவிட அதிகமாக ரம்பமும் புல்டோசரும் அழித்தன. உயிரைக் கொல்லாத நாம், மரத்தை வெட்டிய இடத்தில் எழுந்த வீட்டில்தான் இருக்கிறோம். சதுப்பு வற்றினால் முதலில் கவனிப்பவன் வாத்துக்காரன். ஆறு கலங்கினால் முதலில் கவனிப்பவன் தூண்டில்காரன். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அமெரிக்காவில் 14.4 மில்லியன் வேட்டைக்காரர்கள், 39.9 மில்லியன் தூண்டில்காரர்கள். பறவை பார்ப்பவர்கள், விலங்குக்குத் தீனி போடுபவர்கள், படம் எடுப்பவர்கள் 148 மில்லியன். இந்த 148 மில்லியன் பேர் வாங்கும் தொலைநோக்கிக்கும் கேமராவுக்கும் இப்படி ஒரு வரி இல்லை. ரசிப்பவன் அதிகம், காசு கட்டுபவன் குறைவு. கட்டுபவன் யாரோ, அவன் பேச்சு எடுபடுகிறது.

அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நாங்க கொல்லாதவங்களும் கட்டணும்ங்கற" என்றது. அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

இது வெள்ளைக்கார நாட்டுக் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டிலும் இப்படி ஒருவர் இருந்தார். கோலாலம்பூர் ரயில் நிலையத்தையும் மஸ்ஜிட் ஜாமெக்கையும் வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஏ. பி. ஹப்பேக்கை அறிந்திருப்பீர்கள். அவருடைய சகோதரர் தியோடர் ஹப்பேக். தோட்டக்காரர், பெரிய வேட்டைக்காரர். யானை வேட்டை, செலாடாங் வேட்டை பற்றி 1905இலேயே புத்தகம் போட்டவர். பிற்காலத்தில் அதே மனிதர் மலாயாவின் வனவிலங்கைக் காப்பாற்ற வேண்டும் என்று அரசாங்கத்தை விடாமல் நச்சரித்தார். யானை தங்கள் பயிரை மிதிக்கிறது என்று சொன்ன தோட்ட முதலாளிகளின் எதிர்ப்பையும் தாங்கினார். அவருடைய வனவிலங்கு ஆணைய அறிக்கை 1932இல் வெளிவந்தது. பகாங், கிளந்தான், திரெங்கானு மூன்று மாநிலங்களும் சேர்ந்து 1938-39இல் அமைத்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்காவுக்கு அந்த உழைப்புதான் அடித்தளம். இன்று அதன் பெயர் தாமான் நெகாரா. பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர். அவருக்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்தக் காட்டில் வேட்டையாடி வாழ்ந்த பாத்தேக் மக்களிடம் யாரும் கேட்டுப் பூங்கா அமைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சபாவுக்குப் போனால் இன்னும் நெருக்கமான பாடம் கிடைக்கும். 'தாகால்' என்ற முறை. ஆற்றின் ஒரு பகுதியைக் கிராமமே கூடி மூடிவிடும். குறிப்பிட்ட காலம் யாரும் மீன் பிடிக்கக் கூடாது. மீறினால் அபராதம். திறக்கும் நாளில் கிராமமே இறங்கிப் பிடித்துப் பங்கு போட்டுக்கொள்ளும். என் அப்பா கேட்ட கேள்வியை அவர்கள் ஒரு விதியாகவே மாற்றி வைத்திருக்கிறார்கள்.

இனி எங்கள் ஊர் நடப்பு. ஊருக்கு வெளியே இரண்டு ஈயக் குட்டைகள். 1985இல் ஈய விலை விழுந்து லம்பம் மூடிய பிறகு, தண்ணீர் நிறைந்து மீனும் வந்தது. எங்களைப் போல் தூண்டில் பைத்தியங்கள் எட்டுப் பேர். முப்பது வருடம் ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கேதான். மூன்று ஆண்டுகளுக்கு முன் பெரிய குட்டையைச் சுற்றி வேலி வந்தது. வீடமைப்புத் திட்டமாம். நாங்கள் சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடித்துக்கொண்டே பொங்கினோம். 'நம்ம குட்டை' என்றோம்.

மேடிசன் ஆற்றில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அது எப்போது நம்ம குட்டையானது? முப்பது வருடத்தில் ஒரு காசு கொடுத்திருக்கிறோமா? ஒரு நாள் சுத்தம் செய்திருக்கிறோமா? ஒரு கடிதமாவது எழுதியிருக்கிறோமா? அறுந்த நரம்பையும் ரொட்டிப் பையையும் கரையில் போட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். வேலி போட வந்தவர்கள் ஏட்டைப் புரட்டிப் பார்த்திருந்தால், அந்தக் குட்டையில் மனிதர் யாரும் இருந்ததாகவே தெரிந்திருக்காது.

திரும்பி வந்ததும் அதே மேசையில் இதைச் சொன்னேன். யாரும் பேசவில்லை. "அமெரிக்கா போயிட்டு வந்தா இப்படித்தான்" என்றார் ஒருவர். கொஞ்ச நேரம் கழித்து, எங்களில் மூத்தவர், லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், பத்து வெள்ளி நோட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "சின்னக் குட்டையாவது இருக்கட்டும்டா" என்றார்.

அன்றிலிருந்து ஆளுக்கு மாதம் பத்து வெள்ளி. பிஸ்கட் டின்தான் உண்டியல். சாவி, குழுவிலேயே எல்லாருக்கும் பயமான ஒரே ஆளிடம் இருக்கிறது. அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. மீன் பிடிக்க மாட்டார். எங்கள் தோழர் ஒருவரின் மனைவி. மாதத்தில் முதல் ஞாயிறு தூண்டில் கிடையாது, குப்பைப் பைதான். கையளவுக்குச் சிறிய மீனைத் திரும்ப விட வேண்டும் என்று மூன்று மொழியில் பலகை எழுதி வைத்திருக்கிறோம். மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிக்க வந்த இரண்டு பையன்களை உட்கார வைத்து, தூபா கதையைச் சொன்னேன். ஒருவன் இப்போது எங்களோடு தூண்டில் போடுகிறான். இன்னொருவன் வரவில்லை.

சின்னக் குட்டைக்குப் போகும் பாதையைப் பொதுப் பாதையாக விட்டுவைக்கும்படி மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம். எட்டுப் பேர் பெயரும், அடையாள அட்டை எண்ணும், ஒவ்வொரு மாதமும் சுத்தம் செய்த தேதியும் அதில் இருக்கின்றன. நான்கு மாதமாகிறது. பதில் வரவில்லை. அடுத்த வாரம் நேரில் போகிறோம். தலைமையாசிரியையும் வருகிறார்.

உங்கள் ஊரிலும் ஒரு குட்டையோ ஆறோ, காலையில் நீங்கள் நடக்கும் காட்டுப் பாதையோ இருக்கும். அதை நம்முடையது என்று சொல்வதற்கு முன், அதற்காக நாம் என்ன கொடுத்திருக்கிறோம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். என் தாளில் ஐம்பது வருடம் ஒரு வரியும் இல்லாமல் இருந்தது. இப்போதுதான் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.